ஐந்தாம் படியின் பொறுப்பாளர்

"அந்த அஞ்சாவது படி தப்பு."

"எந்தப் படி? நம்ம மாடிப்படியா? அதான் கொத்தனார் வந்து பூசிட்டுப் போயிட்டாரே."

"அது இல்ல. நான் எழுதின பக்கத்துல. நாலாவதா வரவேண்டியது அஞ்சாவதா வந்திருக்கு. என் கையாலதான் எழுதியிருக்கேன். எப்படி எழுதினேன்னே தெரியல."

"இப்ப அதுவா முக்கியம்? சூடா இருக்கும்போதே இதைக் குடிங்க."

"யாரோ எங்கேயோ அதைப் படிச்சு அப்படியே செய்வாங்க. நம்பிச் செய்வாங்க. நீ மருந்துக் கவர்ல சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதவேண்டிய இடத்துல பின்னாடின்னு எழுதிக் குடுத்துட்டா, அன்னைக்குத் தூங்குவியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"சரி, மாத்தச் சொல்லிடலாம். ரெண்டு வரியை இடம் மாத்தணும், அவ்வளவுதானே. அஞ்சு நிமிஷ வேலை."

அவர் சிரித்தார். சிரித்ததில் கையிலிருந்த ஊசிக்குழாய் ஆடியது. "அஞ்சு நிமிஷமா? உனக்கு எங்க ஆளுங்களைத் தெரியாது."

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மருத்துவமனையின் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. அவள் அதே மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்தாள். அதே கண்ணாடி, அதே வெள்ளை மேலங்கி, கவரின் மேல் அதே முத்து முத்தான எழுத்து. வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கூடத்து மூலையில் ஆளில்லாத அலமாரி பேச ஆரம்பிக்கும்.

அலமாரியில் இருந்தது கணவரின் லேப்டாப். அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் அவர் அதற்கு இரண்டு வேலைகள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாராவது எழுதிக் கேட்டால் உடனே ஒரு பதில் அனுப்ப வேண்டும்: 'பார்த்தேன், நன்றி. சீக்கிரம் பதில் சொல்கிறேன்.' சனிக்கிழமை கூட்டத்துக்கு அதுவாகவே போய் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும். "வந்து சாவகாசமாக் கேட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தார். சொன்ன வேலையை அது ஒருநாளும் தவறவிட்டதில்லை. மனிதர்களிடம் இல்லாத விசுவாசம்.

கூட்டம், 'தேனடை'யின் செய்முறைப் பக்கங்களைக் கவனிக்கும் ஆவணப் பேரவையின் கூட்டம். ஒரு பெரிய மென்பொருளை ஒரே கட்டியாக எழுதாமல் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஓர் அறைக்கு ஒரு வேலை என்று கொடுப்பதற்கான சட்டகம்தான் தேனடை. சம்பளம் வாங்காமல், ஆளுக்கொரு புனைபெயரில், பல பேர் சேர்ந்து கட்டியது. 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்' என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். முதல் பாதி உண்மை.

அதில் வேண்டிய இடத்தில் செருகிக்கொள்ளச் சில துண்டு நிரல்கள் உண்டு. 'காத்திரு' என்ற செருகியை எழுதியவர் அவள் கணவர். ஓர் அறை மூடிக் கிடந்தால், அதற்கு வந்த செய்திகளை வாசலில் நின்று வாங்கி வைத்திருந்து, கதவு திறந்ததும் உள்ளே கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் முதலில் காத்திருவை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பிறகுதான் அறைகளைத் திறக்க வேண்டும். அவர் எழுதிய செய்முறைப் பக்கத்திலோ நான்காவது படி: 'அறைகளைத் திறக்கவும்.' ஐந்தாவது படி: 'காத்திருவை இணைக்கவும்.' அப்படிச் செய்தால் இடைப்பட்ட நிமிடங்களில் வரும் செய்திகளை வாங்க வாசலில் ஆளிருக்காது. அவை தொலைந்துபோகும். சத்தம் வராது, சிவப்பு விளக்கு எரியாது. போனதே தெரியாமல் போகும்.

"ஆமை?" என்று அலமாரி கேட்கும். கணவரின் புனைபெயர் அது. எதையும் நிதானமாகச் செய்கிறவர் என்பதால் அவரே வைத்துக்கொண்டது.

பதில் இருக்காது.

"ஆமை, உள்ளார். மௌனமாக. குறிச்சுக்கோங்க" என்று ஒருங்கிணைப்பாளரின் குரல் சொல்லும்.

சமையலறையில் அவள் குழாயை நிறுத்துவாள். 'உள்ளார்' என்ற சொல் கூடத்தைத் தாண்டி வந்து அவள் முதுகில் படும். பிறகு குழாயைத் திறந்துவிடுவாள். இரண்டு தடவை மின்வயரைப் பிடுங்கப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் கூட்டம் முடியட்டும் என்று திரும்பி வந்தாள். இயந்திரத்துக்குள் ஒரு சின்ன விசிறி சுற்றும். சில சமயம் இழுத்து, தயங்கி, மறுபடி சுற்றும். அவருடைய குறட்டையும் அப்படித்தான்.

"அண்ணி, அதை அணைச்சுத் தொலையுங்க" என்பாள் மாடியில் இருக்கும் நாத்தனார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். எதையும் நிறுத்தத் தெரிந்த பிறகுதான் கிளப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் கொள்கை. "எனக்கே மாடியிலேர்ந்து இறங்கும்போது பக்குங்குது."

"உன்னை என்ன பண்ணுது அது? ஓரமா இருக்கு."

"எங்க அண்ணனும் ஓரமாத்தான் இருந்தான். அதான் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அலமாரி முன் உட்கார்ந்து, வந்திருக்கும் புகார்களைப் படிப்பாள். 'இதை எழுதினவர் ஒரு தடவையாவது செஞ்சு பார்த்தாரா?' 'ஆமைன்னு பேர் வெச்சதுக்கு ஏத்த மூளை.' 'இவரை யார் பொறுப்பாளரா போட்டது?' ஒவ்வொன்றின் கீழும் ஒரே நிமிடத்தில் கணவரின் பதில்: 'பார்த்தேன், நன்றி. சீக்கிரம் பதில் சொல்கிறேன்.' அவர் இல்லாததைத் தாங்கிக்கொள்ள ஓரளவு பழகியிருந்தாள். இல்லாத மனிதர் திட்டு வாங்குவதைத் தாங்கப் பழகவில்லை.

அவளை எழுப்பிவிட்டது திட்டு அல்ல, மரியாதை. ஒரு ரத்த வங்கியில் வேலை செய்யும் பெண் எழுதியிருந்தாள்: 'ஐயா, திங்கட்கிழமை இயந்திரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கினோம். அந்தப் பத்து நிமிடத்தில் வந்த ஏழு கோரிக்கைகளும் எங்களுக்கு வந்து சேரவில்லை. ஒரு பெரியவர் மகளுக்காக மூன்று முறை நடந்தார். நான்காவது முறை அழுதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மகள் பிழைத்துவிட்டாள். நீங்கள் எழுதியபடியேதான் செய்தோம். எங்கள் தவறு என்னவென்று தயவுசெய்து சொல்லுங்கள்.'

கீழே: 'பார்த்தேன், நன்றி. சீக்கிரம் பதில் சொல்கிறேன்.'

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். 'கடைக்காரி' என்று தனக்கு ஒரு புனைபெயர் வைத்து, தன் கைபேசியிலிருந்து பேரவைக்குத் திருத்தம் அனுப்பினாள். ஐந்தாவதை நான்காவதாக்கவும், நான்காவதை ஐந்தாவதாக்கவும். எழுதி அனுப்ப நான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் மிச்சம் என்று நினைத்தாள்.

முதலில் வந்தது 'தோழன்'. பேரவையின் தானியங்கி. 'வணக்கம் கடைக்காரி! உங்கள் முதல் திருத்தத்தைக் கண்டு மகிழ்ச்சியில் துள்ளுகிறேன்! பின்வரும் முப்பத்திரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடையளியுங்கள்.'

கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில், இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி அவள் விடையளித்தாள். பதினொன்றாவது கேள்வி: 'இத்திருத்தம் முந்தைய தவறுடன் இணக்கமானதா?' பதினெட்டு: 'ஏற்கெனவே தவறாகச் செய்து பழகியவர்களுக்கு இதனால் மனச்சங்கடம் ஏற்படுமா? ஆம் எனில் அவர்களுக்குத் தனிப் பக்கம் எழுதித் தருவீர்களா?' இருபத்தாறு: 'சரியான தகவல் இப்பக்கத்துக்குத் தேவை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?'

"ரத்த வங்கி" என்று எழுதினாள்.

'உங்கள் விடை இருநூறு எழுத்துகளுக்குக் குறைவாக உள்ளது' என்றது தோழன்.

முப்பத்திரண்டும் முடிந்ததும் திருத்தம் பக்கத்தின் பொறுப்பாளருக்கு ஒதுக்கப்பட்டது. கைபேசி அதிர்ந்தது.

'ஆமை: பார்த்தேன், நன்றி. சீக்கிரம் பதில் சொல்கிறேன்.'

எதிரே ஒரு வாடிக்கையாளர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அதை வாங்கவில்லை. எல்லாருக்கும் போகிற பதில்தான், அலமாரியில் இருக்கும் ஓர் இயந்திரம் அனுப்புவதுதான், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு வருடத்தில் அவர் அவளுக்கு எழுதிய முதல் வரி அது.

"என்னம்மா, மருந்து இல்லையா?" என்றார் வாடிக்கையாளர்.

"இருக்குங்க" என்றாள். "இருக்கார்."

அடுத்து வந்தவர் மொழிநடைக்குப் பொறுப்பான அம்மையார். எல்லாரும் அவரை நடைக்காவலர் என்றே அழைத்தார்கள். பூவால் அடிப்பது போலப் பேசுவார், ஆனால் விடாமல் அடிப்பார். கைபேசியில் அழைத்தார்.

"அருமையா எழுதியிருக்கீங்கமா. ஒரு சின்ன விஷயம். 'இப்படிச் செய்யாவிட்டால் செய்திகள் தொலைந்துபோகும்'னு ஒரு குறிப்பு சேர்த்திருக்கீங்க பாருங்க."

"ஆமாங்க. தொலைஞ்சு போகுதே."

"போகட்டும்மா. ஆனா தொலையறதுங்கறது எதிர்மறைச் சொல். படிக்கறவங்க மனசு என்ன பாடுபடும்? 'செய்திகள் தங்கள் பயணத்தை நிறைவு செய்துகொள்ளும்'னு வெச்சுக்கலாமா?"

"அதைப் படிச்சா செய்தி போய்ச் சேர்ந்துடுச்சுன்னுல்ல நினைப்பாங்க?"

"நல்லபடியா நினைக்கட்டுமே!"

"நான் மருந்துக்கடையில இருக்கேங்க. விஷ பாட்டில் மேல 'குடித்தால் பயணம் நிறைவுறும்'னு எழுத முடியுமா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நீங்க இன்னும் படிக்கறவங்க பக்கத்திலேயே நிக்கறீங்கமா. புதுசா வர்றவங்க எல்லாரும் அப்படித்தான். போகப்போகச் சரியாயிடும். ஆவணம்ங்கறது ஒரு தோட்டம். தோட்டத்துல யாராவது வந்து வழி கேப்பாங்களா?"

குறிப்பை எடுத்துவிட்டாள். இரண்டு வரி இடம் மாறினால் போதும். கல்லில் நார் உரிக்கப் புறப்பட்டபின் நாரின் நிறத்தைப் பற்றி வாதாடுவானேன்?

சனிக்கிழமை, தன் கைபேசியிலிருந்து கூட்டத்துக்குள் போனாள். திரையில் பதினான்கு கட்டங்கள். ஐந்தில் முகங்கள். ஒன்பது கறுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் மட்டும்: கொக்கு, பனைமரம், ஏழுகடல், ஆமை. பதினைந்தாவதாக, புள்ளி அளவில், அவள். கூடத்தில் கைபேசியும் அலமாரியும் ஒரே குரலை அரை நொடி இடைவெளியில் பேசின. எல்லாம் இரண்டு தடவை கேட்டது.

ஒருங்கிணைப்பாளர் வருகைப் பதிவு எடுத்தார். கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றும் 'உள்ளார், மௌனமாக' ஆயின. எட்டுப் பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது என்பது விதி. முகம் காட்டியவர்கள் ஐந்தே பேர் என்பதை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

"பேசறவங்களால சபை நடக்கல" என்று ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்தார். "இந்த ஒன்பது பேர் இருக்காங்களே, இவங்கதான் முதுகெலும்பு. எந்தத் தீர்மானமானாலும் எதிர்ப்பு இல்ல. நாலு வருஷத்துல நாம ஒரு வாக்கெடுப்புலகூட தோத்ததில்ல."

அவள் மைக்கை அழுத்திப் பார்த்தாள். அது திறக்கவில்லை. தோழன் சொன்னது: 'புதியவர்கள் முதல் பன்னிரண்டு கூட்டங்களுக்குக் கேட்கும் பருவத்தில் இருப்பார்கள். கேட்டு மகிழுங்கள்!'

அவளுடைய திருத்தம் ஏழாவதாக வந்தது. "நல்ல திருத்தம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "சரியான திருத்தம். நான் சோதிச்சே பார்த்தேன், ஐந்தாம் படி தப்புதான். ஆனா பாருங்க, திருத்தறது சுலபம். யார் வேணும்னாலும் திருத்திடலாம். அதனாலதான் நாம அதைக் கஷ்டமா வெச்சிருக்க வேண்டியிருக்கு. பக்கத்தோட பொறுப்பாளர் ஒப்புதல் குடுத்தா அடுத்த நிமிஷம் மாத்திடலாம். ஆமை, என்ன சொல்றீங்க?"

எல்லாரும் காத்திருந்தார்கள். அலமாரியின் விசிறி இழுத்து, தயங்கி, சுற்றியது.

"யோசிக்கறார்" என்றார் ஒருங்கிணைப்பாளர் மரியாதையுடன். "அடுத்த வாரம் பார்க்கலாம்."

இப்படி ஆறு அடுத்த வாரங்கள் ஆயின. பொறுப்பாளரை மாற்ற வழியுண்டா என்று எழுதிக் கேட்டாள். உண்டு என்று பதில் வந்தது. பொறுப்பாளரே விண்ணப்பிக்க வேண்டும். நிலை என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்: சுறுசுறுப்பு, ஓய்வு, நீண்ட ஓய்வு. நீண்ட ஓய்வை அவரே நேரில் உறுதிசெய்ய வேண்டும். மேலும் ஆமை ஒரே நிமிடத்தில் எல்லாருக்கும் பதில் சொல்பவர் என்பதால், பேரவையிலேயே மிகச் சுறுசுறுப்பானவர் என்று கணினி அவருக்குப் பச்சை நட்சத்திரம் கொடுத்திருந்தது.

ஏழாவது சனிக்கிழமை, உரையாடல் பெட்டியில் எழுதினாள். இரண்டு வருடமாக எழுதாத சொல். மருத்துவமனைப் படிவம், அலுவலகப் படிவம் எல்லாவற்றிலும் நாத்தனார்தான் அவளுக்காக எழுதிக் கொடுத்தாள். இப்போது ஒவ்வோர் எழுத்தாகத் தானே தட்டினாள்: 'ஆமை இறந்துவிட்டார்.'

தோழன் ஓடி வந்தது. 'எதிர்மறைச் சொல் கண்டறியப்பட்டுப் பரிவான சொல்லால் மாற்றப்பட்டது.' பெட்டியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் தோன்றிய வரி: 'ஆமை ஒரு புதிய பயணத்தைத் தொடங்கியுள்ளார்.'

கைதட்டும் படங்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன. 'வாழ்த்துகள் ஆமை!' 'புதிய இடத்தில் கலக்குங்க!' 'எங்களை மறந்துடாதீங்க!' நடைக்காவலர் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார். கூடத்து மூலையிலிருந்து எல்லாருக்கும் பதில் போயிற்று: 'பார்த்தேன், நன்றி.'

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காததைப் பார்த்து நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, பைத்தியம் பிடிச்சுடுச்சா?"

நடந்ததைக் கேட்டதும் நாத்தனாருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. "இவ்வளவு சுத்துவானேன்? அவன் லேப்டாப் திறந்துதானே கிடக்கு. ஒப்புதல்னு ஒரு பொத்தான் இருக்கும்ல, அமுக்குங்க. அண்ணன் வெச்ச விரல், நீங்க வெச்ச விரல், அந்த மெஷினுக்கு என்ன தெரியப்போகுது?"

பொத்தான் இருந்தது. பச்சை நிறத்தில், கட்டை விரல் அகலத்தில். அவள் போய் அதன் முன் உட்கார்ந்தாள். விசைப்பலகையில் அவர் விரல் பட்டுப் பட்டு மூன்று எழுத்துகள் அழிந்திருந்தன. அந்த வழவழப்பில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"டாக்டர் கையெழுத்தை நான் போட்டா அது சீட்டே இல்ல" என்றாள் கடைசியில். "மருந்து சரியாவே இருந்தாலும்."

"அட, ரெண்டு வரிக்கா இவ்வளவு?"

"இதை அமுக்கினா அவர் ஒப்புதல் குடுத்ததா ஆகும். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் குடுக்கச் சொல்லுவாங்க. நானும் உக்காந்து குடுத்துட்டே இருப்பேன். இதை இப்படியே ஓடவிட்டது யாரு? நான்தானே."

நாத்தனார் ஒரு தடவை அந்தப் பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். அண்ணியின் தோளில் கையை வைத்துவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒரே வாக்கியம். உரையாடல் பெட்டியில் எழுதிய அன்றிலிருந்து, பேரவைக்கு அனுப்பும் மின்னஞ்சலாகப் பதினோரு முறை எழுதி, பதினோரு முறை அழித்திருக்கிறாள். தோழன் மாற்றிவிடுமே என்பது ஒரு காரணம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்களே என்பது இன்னொன்று. இரண்டாவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ரத்த வங்கிப் பெண் மறுபடி எழுதினாள். 'ஐயா, நீங்கள் சீக்கிரம் பதில் சொல்வதாகச் சொன்னதால் நாங்கள் எதையும் மாற்றாமல் வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை மறுபடியும் நிறுத்தித் தொடங்க வேண்டும். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.' இவள் 'கடைக்காரி' என்ற பெயரிலேயே உடனே பதில் எழுதினாள்: முதலில் காத்திரு, பிறகு அறைகள். தோழன் அதன்மேல் முத்திரை குத்தியது: 'கேட்கும் பருவத்தில் உள்ளவரின் கருத்து. பின்பற்ற வேண்டாம்.' அந்தப் பெண்ணும் பண்பாக எழுதினாள்: 'நன்றி சகோதரி. பொறுப்பாளர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம்.'

அந்த வாரச் சனிக்கிழமைதான் ஆண்டு விழா. ஆண்டின் மிகச் சிறந்த பொறுப்பாளருக்குப் 'பொன் செருகி' விருது. சனிக்கிழமைகளில் மதியம்தான் அவளுக்குக் கடை; அன்று அதற்கும் விடுப்புச் சொல்லிவிட்டு, அலமாரிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கைபேசியைக் கையில் எடுக்கவில்லை. நாத்தனார் பயிற்சிக் காரின் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

ஒருங்கிணைப்பாளர் கோட்டு போட்டிருந்தார்.

"இந்த விருதுக்கு நாங்க ரொம்ப யோசிச்சோம்" என்று தொடங்கினார். "ஒரு நல்ல பொறுப்பாளர்னா யார்? நிறைய எழுதறவரா? எழுதினா தப்பு வரும். விவாதம் பண்றவரா? பண்ணினா மனஸ்தாபம் வரும். நாம தேடறது என்ன? நிதானம். இவர் ரெண்டு வருஷமா ஒரு கூட்டம் தவறினதில்ல. ஒரு கருத்து வேறுபாடு இல்ல. வந்த அறுபத்து மூணு புகாருக்கும் ஒரே நிமிஷத்துல, ஒரே மாதிரி, கோபமே இல்லாம பதில். அவர் பக்கத்துல ஒரு எழுத்து மாறல. இளைஞர்கள் இவரைப் பார்த்து இதைத்தான் கத்துக்கணும். நாம எல்லாரும் ஒருநாள் இவர் மாதிரி ஆகணும்!"

"ஆயிடுவீங்க, அவசரப்படாதீங்க" என்றாள் நாத்தனார், நிலைப்படியிலிருந்து.

"பொன் செருகி, ஆமை!" கைதட்டல் படங்கள் கொட்டின. "ஏற்புரைக்கு மூணு நிமிஷம். வழக்கம்போல மௌனமாவே ஏத்துக்கறதுன்னாலும் சரி, நாங்க மூணு நிமிஷமும் கேப்போம்."

ஐந்து முகங்களும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடி, இல்லாத பேச்சைக் கேட்க ஆயத்தமாயின. கூடத்தில் விசிறியின் ஓசை மட்டும் இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று.

அவள் கையை நீட்டி மைக்கைத் திறந்தாள். ஆமையின் கறுப்புக் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு எரிந்தது.

"நான் ஆமை இல்லீங்க" என்றாள்.

ஒருங்கிணைப்பாளர் கண்ணைத் திறந்தார். நடைக்காவலர் கழுத்தை முன்னால் நீட்டினார். "யாருமா அது? ஆமையோட கட்டத்துல எப்படி வந்தீங்க?"

"அவர் வீட்டுக்காரி."

"ரொம்ப சந்தோஷம்மா!" என்றார் ஒருங்கிணைப்பாளர். "குடும்பத்தோட ஒத்துழைப்பு இல்லாம இப்படி ஒரு உழைப்பு சாத்தியமா? ஆமையைக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பேசட்டும்."

அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். சாவி சுழல்வது நின்றிருந்தது.

"செத்துப்போயிட்டார்" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு."

குரலில் சொன்ன சொல்லை மாற்றத் தோழனுக்குத் தெரியவில்லை. சொல் அப்படியே பதினான்கு கட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 'கொக்கு' என்று பெயரிருந்த கறுப்புக் கட்டம் ஒரு கணம் பச்சையாயிற்று. யாரோ மூச்சை இழுக்கும் ஓசை. அந்த வீட்டின் உள்ளே தூரத்தில் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு அந்தக் கட்டம் பழையபடி இருண்டது.

முதலில் பேசியவர் ஒருங்கிணைப்பாளர். முகம் வெளுத்திருந்தது. "அப்படீன்னா... நூத்துச் சொச்சம் கூட்டம். அதுல எடுத்த தீர்மானம்லாம் செல்லுமா, செல்லாதா?"

"இதை இப்ப பதிவு பண்ண வேண்டாமே" என்றார் நடைக்காவலர் அவசரமாக. "அம்மா, உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறோம். ஆனா அந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்மையா..."

"மத்த எட்டுப் பேரும் இருக்காங்களான்னு யாராவது போன் போட்டுப் பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

முகம் காட்டியிருந்த ஐந்து பேரும் திரையின் இருட்டுப் பக்கத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் தன் கேமராவை மெல்ல அணைத்தார். கறுப்புக் கட்டங்கள் பத்தாயின.

"ஏற்புரைக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர், வேறு எதைச் சொல்வதென்று தெரியாமல்.

"போதும்" என்றாள். "ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு அவர் கேட்டது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக் கேட்டது. அஞ்சாவது படி நாலாவதா வரணும், நாலாவது அஞ்சாவதா வரணும். திங்கட்கிழமைக்குள்ள வரணும், ஒரு ரத்த வங்கியில காத்துக்கிட்டிருக்காங்க. தப்புன்னு அவருக்குத் தெரியும். சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தார். அவரைத் திட்டினவங்க யாராவது இருந்தா, இதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"மாத்திடறேன்" என்றது ஒரு குரல், கேமராவை அணைத்த கட்டத்திலிருந்து. "இப்பவே மாத்திடறேங்க."

"இன்னொண்ணு நான் கேக்கறது."

அவள் நிறுத்தினாள். அலமாரியின் விசிறி இழுத்தது, தயங்கியது. அது மறுபடி சுற்றும் வரை, பழக்கத்தில், காத்திருந்தாள். நாத்தனார் நிலைப்படியை விட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள், தொடாமல்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் பேர் கூப்பிடறீங்க" என்றாள். "உள்ளார்னு சொல்றீங்க. நானும் சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். உங்களைக் குத்தம் சொல்லல."

கடையில் மருந்துக் கவரை நீட்டி, எப்போது, எத்தனை, எதற்கு முன், எதற்குப் பின் என்று சொல்லும் அதே நிதானமான குரல் அவளுக்கு வந்து சேர்ந்தது.

"அவர் பேரை எடுத்துடுங்க" என்றாள். "என்னால எடுக்க முடியல. நீங்க எடுத்துடுங்க."